அரை பேண்டின் மாஸ்டர்

முழுதான ஒன்றில் இரண்டாவது ஆளாக இருப்பது மேலா, அதன் பாதியில் முதல் ஆளாக இருப்பது மேலா? தத்துவப் புத்தகங்கள் இந்த மாதிரிக் கேள்விகளை நாகரிகமாகக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகத் தயங்கும். போலீஸ் பேண்டின் துணை மாஸ்டர் தயங்கவில்லை. கேள்வி முழுதாகக் காதில் விழும் முன்பே "பாதி" என்று சொல்லிவிட்டார். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆண்டு நாட்டில் ஒரு பாதி அதே பதிலைத்தான் சொன்னது. மறு பாதியோ, முழுதும் தன் கையிலேயே இருந்தபடியால், இப்படி ஒரு கேள்வியே தேசத் துரோகம் என்றது.

துணை மாஸ்டர் என்பது பதவியின் பெயர். நாளடைவில் மாஸ்டர் உதிர்ந்துபோய் வெறும் "துணை" என்று ஆகியிருந்தது. அவர் இரண்டாம் கிளாரினெட் வாசிப்பவர். முதல் கிளாரினெட் பாட்டைப் பாடும். இரண்டாம் கிளாரினெட் அதற்குச் சற்றுக் கீழே, முதலாளிக்குப் பின்னால் குடை பிடித்து நடப்பவனைப் போல, ஒட்டியும் ஒட்டாமலும் போகும். நன்றாக வாசித்தால் யார் காதிலும் விழாது. தப்பாக வாசித்தால் ஊருக்கே கேட்கும். இப்படி ஒரு வேலையில் இருபது ஆண்டுக்குக் கிட்ட இருந்தவனுக்கு ஞானம் வரும், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் வரும். அவருக்கு வந்தது ஞானம் அல்ல.

பயிற்சி அறை தலைநகரில், போலீஸ் குடியிருப்பின் பின்புறம், வண்டிப் பட்டறையை ஒட்டி இருந்தது. நீளமான அறை, தகரக் கூரை. மழை பெய்தால் டிரம்காரர்களுக்கு ஓய்வு, வானமே வாசித்துவிடும். கிரீஸ் வாடையும் பித்தளை மெருகு வாடையும் எச்சில் வாடையும் கலந்த அந்த அறையில் ஒரே ஒரு நல்ல நாற்காலி. அதில் பெரிய மாஸ்டர் உட்காருவார். பேண்டை நடத்த அவர் அசைக்கும் குச்சிக்கு வெல்வெட் வைத்த தனிப் பெட்டி உண்டு. இத்தனை ஆண்டில் ஒரே ஒரு நாள், கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது, குச்சியைத் துணையிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் திரும்ப வாங்குமுன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். பேண்டே சிரித்தது. துணையும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு வரலாறு சுயாட்சி வேட்கை என்று எழுதிக்கொண்டது.

நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவே ஒரு ஆறு. அக்கரையில் தலைநகர், அமைச்சகங்கள், பெரிய மாஸ்டர். இக்கரையில் மீதி எல்லாம். இக்கரைத் தெரு ஒன்றில் சாக்கடை உடைந்தால் மனு பாலம் தாண்டிப் போய், இரண்டு மழைக்காலம் ஊறி, "சாக்கடை எங்கே உள்ளது என்று தெளிவுபடுத்தவும்" என்ற குறிப்போடு திரும்பி வரும். அதிகாரம் பகிரப்பட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. நியாயமான கோரிக்கைகளுக்கு உள்ள ஆபத்து ஒன்றுதான்: அவற்றின் நிழலில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

மாகாணங்களுக்கு அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் சட்டம் நிறைவேறிய அன்று மாலை துணை வீட்டுக்கு வந்தபோது கையில் இக்கரைக் கட்சியின் பத்திரிகை இருந்தது. தபால் நிலையக் கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டுக் கால் வீங்கி உட்கார்ந்திருந்த மனைவி அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது என்ன புதுசா? போன மாசம் வரைக்கும் இந்தப் பேப்பர்ல செருப்பைக்கூட சுத்த மாட்டேன்னீங்க."

"காலம் மாறுது. இனிமே நம்ம மண்ணு, நம்ம மக்கள், நம்ம போலீசு."

"நம்ம பேண்டு?"

அவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு வேண்டியது மாகாணமா, அந்தக் குச்சியா? எனக்கு மட்டும் சொல்லுங்க, வெளியே விட மாட்டேன்."

"உனக்கு அரசியல் புரியாது."

"புரியாதுதான். நாள் பூரா முத்திரை குத்தறவளுக்கு என்ன புரியும்? ஆனா பெரிய மாஸ்டர் நாளைக்கே மண்டையைப் போட்டா, மறுநாள் நீங்க தேசிய ஒற்றுமை பேசுவீங்க. அது மட்டும் புரியுது."

பெரிய மாஸ்டர் மண்டையைப் போடவில்லை. போலீஸ் அதிகாரம் மாகாணங்களுக்குப் போயிற்று. பேண்டும் போலீசின் உடைமைதான் என்பதால் அதைப் பங்கு வைக்க ஒரு கமிட்டி வந்தது. குரங்கு அப்பம் பங்கு வைத்த கதையில் குரங்குக்காவது அப்பத்தின் ருசி தெரியும். கமிட்டிக்காரர்கள் மூவருக்கும் சங்கீதம் என்றால் சாப்பாட்டுக்கு முன் வரும் தொந்தரவு. ஆட்களைப் பிறந்த ஊரை வைத்துப் பிரித்தார்கள். வாத்தியங்களை விலையை வைத்துப் பிரித்தார்கள். இசைத்தாள்களை அலமாரியை வைத்துப் பிரித்தார்கள்: மேல்தட்டு அக்கரைக்கு, கீழ்த்தட்டு இக்கரைக்கு. பெரிய டிரம் இக்கரைக்கு வந்தது, அதை அடிக்கும் கோல் அக்கரைக்குப் போயிற்று. டூபா என்ற ராட்சதப் பித்தளைக் குழலும் டூபாக்காரரும் ஒரே பக்கம் வந்து சேர்ந்தது கமிட்டியின் கவனக்குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த டூபாக்காரரைப் பேண்டில் "பீரங்கி" என்பார்கள். உடம்பும் வாத்தியமும் ஒரே அளவு.

முதல் வாத்தியக்காரர்கள் எல்லோரும் அக்கரையில் பிறந்தவர்கள். தற்செயல் இல்லை. முன்வரிசை நாற்காலிகளைப் பெரிய மாஸ்டர் அந்தப் பக்கத்து ஆட்களுக்கே கொடுத்து வந்தார். முழுதாக இருந்த காலத்திலும் அந்தப் பேண்டுக்குள் ஒரு ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. "பிரிவதற்கு முன் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்" என்று கண் கலங்குகிறவர்கள் அனைவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எலிவளையானாலும் தனிவளை. இக்கரையில் பேண்டுக்குக் கிடைத்தது பழைய டயர்க் கிடங்கு. ரப்பர் நாற்றத்தில் இரண்டாம் கிளாரினெட்டுகளும் மூன்றாம் டிரம்பெட்டுகளும் ஒரு டூபாவும் கோல் இல்லாத டிரம்மும் வட்டமாக உட்கார, நடுவே துணை நின்றார். இப்போது அவர் மாஸ்டர். வெல்வெட் பெட்டி ஒன்றை முதல் வேலையாகச் செய்யக் கொடுத்திருந்தார். டிரம்மை மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றி அடித்தார்கள்.

மாகாண அரசின் தொடக்க விழாவுக்குத் தேசிய கீதம் வாசிக்க வேண்டும். தாள்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் துணைவாத்தியங்களுக்கு எழுதியவை. பாட்டு மேல்தட்டில் இருந்தது. மேல்தட்டு ஆற்றுக்கு அப்பால் இருந்தது.

பீரங்கி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஸ்டர், இதுல கல்யாண ஊர்வலம் மட்டும் இருக்கு, மாப்பிள்ளையைக் காணோமே?"

"எழுதிக்கலாம்."

"எதுக்கு எழுதணும்? பாலத்தைத் தாண்டிப் போயி பெரியவர்கிட்ட ஒரு நகல் கேட்டா..."

"கேக்கறதா? யாருகிட்ட? இனிமே அவர் வேற மாகாணத்து மாஸ்டர், நான் வேற மாகாணத்து மாஸ்டர். நான் போய் கைகட்டி நிக்கணுமா?"

"நீங்க நிக்க வேண்டாம், நான் நிக்கறேன். எனக்குத்தான் கை கட்ட எட்டாது, தொப்பை."

"யாரும் போக வேண்டாம். தினமும் கேட்ட பாட்டு. எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நினைத்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து கீதத்தை நினைவிலிருந்து எழுதினார். முதல் இரண்டு அடிகள் சரியாக வந்தன. மூன்றாம் அடியில்தான் பாட்டு மேலே ஏறி, ஒரு கணம் உச்சியில் நின்று, பிறகு இறங்க வேண்டும். அவர் விரல்களுக்கு அந்த ஏற்றம் பழக்கமில்லை. அந்த இடத்தில் முதல் கிளாரினெட் ஏறும். இரண்டாம் கிளாரினெட் எதிர்ப்பக்கமாக இறங்கும். இத்தனை ஆண்டுகளாக அவர் இறங்கியே வந்தவர். விரல் தானாக இறங்கியது, பேனா விரலைப் பின்பற்றியது, அதையே பாட்டு என்று அவர் எழுதினார். முன்வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பின்வரிசையிலேயே வாழ்ந்தவனால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

டயர்க் கிடங்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கக் கூடியவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். டூபாவுக்குள் தலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்கு உலகமே "பூம் பூம்" என்பதுதான். விழாவில் கூட்டத்துக்கும் தெரியவில்லை. மக்கள் தேசிய கீதத்தை வாயைத் திறந்துகொண்டு நிற்பதற்காகவே கற்கிறார்கள். வயதான சிலர் மட்டும் மூன்றாம் அடியில் தடுக்கினார்கள். பிறகு, அரசாங்கம் மாறினால் பாட்டும் மாறாதா என்று சமாதானம் செய்துகொண்டார்கள். முதலமைச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்து மாஸ்டரின் கையைக் குலுக்கினார். கல்வித் துறை அந்தத் தாளை வாங்கி எல்லாப் பள்ளிக்கும் நகல் அனுப்பியது. மாஸ்டருடைய புது வீட்டுக்கு எதிரேயே ஒரு பள்ளிக்கூடம். தினமும் காலையில் பிள்ளைகள் மூன்றாம் அடியில் கீழே இறங்குவதைக் கேட்டுக்கொண்டே அவர் பல் துலக்கினார்.

உண்மை அவருக்கு முடி வெட்டும் கடையில் தெரிந்தது. ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் நுரையோடு அவர் சாய்ந்திருந்தபோது, கடைக்காரர் வானொலியைத் திருகித் திருகி அக்கரை நிலையத்தைப் பிடித்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்து கீதம் வந்தது. மூன்றாம் அடி ஏறிற்று. உச்சியில் நின்றது. பிறகுதான் இறங்கியது. மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கீதத்துக்கு எழுந்திரிக்கறீங்களா மாஸ்டர்? அரை முகத்தோடவா? என்ன ஒரு தேசபக்தி!" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார். சொல்லி முடித்ததும், தெருப்பக்கம் இருந்த சன்னலைச் சாத்தினார்.

அவள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப, இந்த மாகாணமே எழுந்து நின்னு ரெண்டாவது ஆளோட பாட்டைப் பாடிட்டு இருக்கு."

"மெல்லப் பேசு."

"நாளைக்கே போய் சொல்லிட வேண்டியதுதானே? தப்பா எழுதிட்டேன், மாத்திக்கங்கன்னு. ஒரு வரிதானே?"

"சொன்னா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? கீதம் தெரியாதவனுக்கு எதுக்குக் குச்சின்னு கேப்பாங்க."

"நல்ல கேள்விதான்."

"குச்சி போச்சுன்னா நான் யாரு?"

"இதுக்கு முன்னாடி யாரா இருந்தீங்களோ அவர்தான். நான் அந்த ஆளைத்தான் கட்டிக்கிட்டேன், மாஸ்டரை இல்ல."

அன்பாகச் சொன்ன வார்த்தை அது. அவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். சொல்லாமலே இருந்துவிட்டார். சன்னல் சாத்தியே இருந்தது.

ஆண்டுகள் போயின. அதிகாரப் பகிர்வு வெற்றி பெற்றதைக் கொண்டாட மத்திய அரசு முடிவு செய்தது. சாக்கடை மனுக்கள் இப்போது பாலம் தாண்டுவதில்லை, உள்ளூரிலேயே ஊறின. அதையும் வெற்றியாகவே கணக்கில் கொள்ள வேண்டும். பாலத்தின் நடுவில் விழா, இரு பக்கப் பேண்டுகளும் சேர்ந்து கீதம். குச்சி யார் கையில் என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் நடந்து, இரண்டு மாஸ்டரும் அவரவர் பாதிக்குக் குச்சி அசைப்பது என்று முடிவாயிற்று. ஒத்திகையில் முதல் அடி போயிற்று, இரண்டாம் அடி போயிற்று. மூன்றாம் அடியில் ஒரு பாதி மாடியேற, மறு பாதி கிணற்றில் இறங்கியது. எழுந்த ஒலியில் பாலத்துக் கைப்பிடியில் இருந்த புறாக்கள் இரு மாகாணத்துக்கும் பறந்தன.

மறுநாள் பத்திரிகைகளுக்குத் தீனி. அக்கரை நாளேடுகள், "கீதத்தைத் தாழ்த்தியவர்கள், நாளை கொடியையும் தாழ்த்துவார்கள்" என்றன. அதிகாரத்தைக் கொடுத்ததன் பலன் இதுதான், இன்று ஒரு சுரம், நாளை ஒரு மாவட்டம் என்றார் மத்திய அமைச்சர். இக்கரை நாளேடுகள், "எங்கள் குரலைத் திருத்த நீ யார்?" என்றன. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அந்த இறக்கத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார்: ஏற்றம் ஆதிக்கத்தின் ஒலி, இறக்கம் இந்த மண்ணின் பணிவு, நாற்று நடுபவர் குனிவதைப் போன்றது. அவர் வாழ்நாளில் நாற்றைப் பூந்தொட்டியில்கூட நட்டதில்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி மட்டும்தான் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தார்.

முதலமைச்சர் கூப்பிட்டனுப்பினார். கம்பளம் விரித்த அறை, கால்பந்து ஆடலாம் போல ஒரு மேசை.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. இது நம்ம முறைதானே?"

மாஸ்டர் மேசையின் மறுகோடியைப் பார்த்தார்.

"யோசிக்காதீங்க. யோசிச்சா முகத்துல தெரியும், முகத்துல தெரிஞ்சா போட்டோவுல விழும்."

"ஆமாங்கய்யா. நம்ம முறைதான்."

"எந்தக் காலத்து முறை?"

"பழசுங்கய்யா."

"ரொம்பப் பழசுன்னு போட்டுக்கறேன்." எழுதிக்கொண்டார். "மாகாண இசை இயக்குநர்னு ஒரு பதவி உண்டாக்கப் போறோம். கார் உண்டு. சட்டசபையில நான் உங்க பேரைச் சொல்லும்போது நீங்க மேல கேலரியில உட்கார்ந்திருக்கணும். கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லது. கலங்குமா?"

"கலங்குங்கய்யா."

கலங்கவும் செய்தது. அவர் தன்னை நினைத்தே கலங்கினார் என்பதைக் கேலரியில் யாரும் அறியவில்லை.

பெரிய மாஸ்டரை அவர் தனியாகச் சந்தித்தது, கீதத் தகராறைத் தீர்க்க அமைத்த சமரசக் கமிட்டி கூடிய நாளில், கூட்ட அறைக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில். பெரியவர் நரைத்திருந்தார். குச்சிப் பெட்டி மட்டும் அப்படியே கக்கத்தில்.

"என்னப்பா துணை, சௌக்கியமா?"

"மாஸ்டர்னு கூப்பிடுங்க."

"சரி, மாஸ்டர் துணை. உங்க பேராசிரியர் எழுதினதைப் படிச்சேன். நாற்று நடறாங்களாமே? நல்லா இருந்தது. ஆனா எனக்கு ஒத்திகையிலேயே காதுல பட்டுச்சு. அது ரெண்டாம் கிளாரினெட். என் கண்ணு முன்னாடி உட்கார்ந்து இத்தனை வருஷம் நீ வாசிச்ச வரி. உன் விரலே உன்னைக் காட்டிக் கொடுத்துடுச்சு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதை இறுக்கி மூடினார். மீண்டும் சொட்டியது.

"சொல்லப் போறீங்களா?" என்றார் கடைசியில்.

"நானா? பைத்தியமா எனக்கு? என் காலம் போன வருஷமே முடிஞ்சது. வீட்டுக்குப் போக வேண்டிய ஆளை, 'உண்மையான கீதத்தின் காவலர்'னு சொல்லி நீட்டிச்சு வச்சிருக்காங்க. உன் தப்பாலதான் என் வீட்டு அடுப்பு எரியுது. நீ நல்லா இருக்கணும்ப்பா." அவர் துணையின் தோளைத் தட்டினார். "உனக்குக் காராமே? உன் அடுப்பும் நல்லாத்தான் எரியுது."

அந்த இருவருக்கும் இடையே பல ஆண்டுகளில் ஏற்பட்ட முதல் ஒற்றுமை அதுதான். நாட்டின் ஒற்றுமை குலைகிறது என்று ஒருவரும் உரிமை பறிபோகிறது என்று மற்றவரும் மைக்கில் கத்த, இருவர் வீட்டிலும் சோறு வெந்துகொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் வேறு மாதிரி என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மத்திய அமைச்சருக்கும் முதலமைச்சருக்கும் தேர்தல் அந்த ஆண்டுதான். பிரித்துக் கொடுத்ததால் நாடு உடையவில்லை; பிரிவினையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி மிச்சமாயிற்று, அவ்வளவுதான். ஒரு நாட்டை உடைக்க இவர்களுக்குத் திறமை போதாது. ஒட்டவைக்க நேர்மை போதாது.

சமரசக் கமிட்டி பல நாள் விவாதித்து ஒரு தீர்ப்புச் சொன்னது. மூன்றாம் அடியை யாரும் வாசிக்க வேண்டாம். அந்த அடி நீளும் நேரம் முழுக்க இரு பேண்டும் அமைதியாக நிற்கட்டும். பிறகு நான்காம் அடியில் சேர்ந்துகொள்ளட்டும். இதற்கு "ஒற்றுமை மௌனம்" என்று பெயரும் வைத்தார்கள். ஒரு தேசம் ஒரு மனதாக ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று: தகராறு வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வது. இரு தரப்பு நாளேடுகளும் இதை வரவேற்றன. பேராசிரியர் மௌனத்தைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கினார்.

வீட்டில் மனைவி விழாச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "தப்பிச்சீங்க. இனி அந்த வரி தப்பும் இல்ல, சரியும் இல்ல. வெறும் ஓட்டை."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஓட்டைக்கு இயக்குநர், கார் வேற."

அவர் சட்டையை வாங்கிப் பித்தான்களைப் போட்டுக்கொண்டார்.

விழாவுக்குப் பின் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடலாம். அதில் வியப்பு ஒன்றும் இல்லை. இசை இயக்குநர் பதவி உண்டாகும் முன்பே ஒழிந்தது. சட்டசபை அவரைத் துரோகி என்றது. அவருக்காகக் கைதட்டிய அதே கைகள் மேசையைத் தட்டின. டயர்க் கிடங்கின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பெரிய மாஸ்டரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், காவல் காக்க இனி எதுவும் இல்லை என்று. மத்திய அரசு இக்கரை மாஸ்டருக்கு "ஒற்றுமைச் சுடர்" என்று ஒரு பதக்கம் அறிவித்தது. கொண்டுவந்த அதிகாரி கதவைத் தட்டித் தட்டிக் களைத்து, பதக்கத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கொண்டுவந்தபோது, "உங்களுக்கே இருக்கட்டும்" என்ற பதில் வந்தது. குடும்பம் தபால் நிலையச் சம்பளத்தில் ஓடியது. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மூன்றாம் அடியில் இறங்கித்தான் பாடுகிறார்கள். திருத்துவதற்கு அமைத்த கமிட்டி இன்னும் கூடவில்லை.

ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். மனசாட்சி என்றார்கள் சிலர். பெரியவர் மேல் இருந்த கோபம், அவர் அடுப்பையும் சேர்த்து அணைக்க நினைத்தார் என்றார்கள் சிலர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை முன்வரிசைப் பாட்டை வாசிக்க ஆசைப்பட்டார் என்பது பீரங்கியின் கட்சி. மூன்றும் பொருந்தும், மூன்றாலும் அவரைப் பெரிதாகப் புகழ முடியாது. மனைவி ஒரு முறைதான் கேட்டாள்.

"எதுக்குங்க அப்படிச் செஞ்சீங்க?"

"சன்னலைத் திற. புழுங்குது" என்றார்.

அன்று பாலத்தின் நடுவில் நல்ல வெயில். அமைச்சர்கள் குடைக்குக் கீழே, இரு மாகாணத்து மக்கள் கயிறுகளுக்குப் பின்னால். இரு குச்சிகளும் ஒன்றாக உயர்ந்தன. முதல் அடி போயிற்று. இரண்டாம் அடி போயிற்று. பிறகு மௌனம் வந்தது. கொடித்துணி படபடப்பதும், கீழே ஆறு தூணில் மோதுவதும் கேட்டன. மத்திய அமைச்சர் தலை குனிந்தார். முதலமைச்சர் அதைவிடச் சற்று அதிகமாகக் குனிந்தார்.

மாஸ்டர் குச்சியைப் பெட்டியில் வைத்தார். அருகில் நின்றவனின் கையிலிருந்து கிளாரினெட்டை எடுத்தார். அவன் ஏதோ கட்டளை என்று எண்ணிக் கொடுத்துவிட்டான். அவர் மூன்றாம் அடியைத் தனியாக, முழுதாக, ஏற வேண்டிய இடத்தில் ஏறி, உச்சியில் நின்று, இறங்கி வாசித்தார். ஏற்றத்தில் சுரம் கொஞ்சம் பிசிறடித்தது. உச்சியில் நிற்க வேண்டியதைவிட அதிக நேரம் நின்றார்.

பிறகு வாத்தியத்தை அதன் சொந்தக்காரனிடம் நீட்டினார். நான்காம் அடியை எந்தப் பாதியும் நேரத்துக்கு எடுக்கவில்லை.